வசந்தாமணியின் இடது பக்கம்

அக்டோபர் 20

இது போன வருடத்து டைரி. எலக்ட்ரிக்கல் கடைக்காரர் இனாமாகக் கொடுத்தது, பிரிக்காமலே கிடந்தது. தேதி சரியாக இருக்கும், கிழமை பொருந்தாது. கிழமை பார்த்து நான் ஒன்றும் செய்யப் போவதில்லை.

எழுதச் சொன்னது பெனிட்டா. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிற பெண், நாகர்கோவில்காரி. "அம்மா என்ன செய்யுதாங்க, என்ன செய்யலைன்னு தினம் ரெண்டு வரி எழுதி வைங்க சார். நான் கேக்கும்போது மறந்துட்டேன்னு சொல்லப்பிடாது" என்றாள். நான் கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவன். ஆல்பத்து அட்டையில் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர் போடுவதோடு நம் எழுத்து வேலை முடிந்தது. ஆனாலும் உடுமலையில் ஸ்டூடியோ வைத்திருக்கிற ஆறுச்சாமி ஒரு சின்னப் பெண்ணிடம் எழுத வராது என்று சொல்ல முடியுமா?

நடந்தது இதுதான். புரட்டாசி ஆரம்பத்தில், பாஸ்போர்ட் படத்துக்கு வந்திருந்த ஒருத்தருடைய காலரைச் சரிசெய்யப் போன என் பெண்டாட்டி வசந்தாமணி, காலரைப் பிடித்தபடியே சரிந்தாள். கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். உயிர் தப்பிவிட்டது. இடது கையும் காலும் பலமில்லை. பேச்சு மட்டும் சேதாரமில்லாமல் திரும்பி வந்துவிட்டது. முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருக்கிறது.

இன்று காலை தோசையில் வலது பாதியைத் தின்றுவிட்டு, "இன்னொண்ணு போடுங்க, என்ன கஞ்சத்தனம்" என்றாள். மீதிப் பாதி தட்டிலேயே இருந்தது. நான் தட்டைத் திருப்பி வைத்தேன்.

"இப்பத்தான் கொண்டாந்தீங்களாக்கும்" என்று தின்றாள்.

அக்டோபர் 22

பெனிட்டா ஒரு பூவை வரைந்து காட்டி, பார்த்து வரையச் சொன்னாள். வசந்தா அக்கறையாக வரைந்தாள். தண்டு, நடுவில் வட்டம், வலது பக்கம் இதழ்கள். இடது பக்கம் வெறும் தாள்.

"முடிஞ்சுதா அம்மா?"

"முடிஞ்சுது கண்ணு. நல்லா இருக்குதா?"

பெனிட்டா என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து விளக்கினாள். கண்ணில் கோளாறு இல்லையாம். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதை மூளை கவனிப்பதை நிறுத்திவிட்டதாம். "நம்ம முதுகுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு நாம தேடுதோமா சார்? அதுபோலத்தான் அம்மாவுக்கு இடப்பக்கம். அங்க ஒண்ணு குறையுதுன்னே அவங்களுக்குத் தெரியாது."

வழி இருக்கிறது என்றாள். சாப்பாடு, மாத்திரை, பேச்சு எல்லாம் இடது பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். கழுத்து அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பழகினால் மூளை அந்தப் பக்கத்தை மறுபடி கண்டுபிடிக்கும். முதல் சில மாசம்தான் மூளை தன்னைச் சரிசெய்துகொள்ள அதிகம் துடிக்குமாம். பிறகும் நடக்கும், ஆனால் மெதுவாக.

"முக்கியமா நீங்க சார். இனிமே நீங்க இருக்கது அம்மாவுக்கு இடப்பக்கம்தான்."

சொல்வதற்கு எளிது. புருஷனுக்கு இடது பக்கம் பெண்டாட்டி. அப்படியென்றால் அவளுக்கு வலது பக்கம் நான். தாலி ஏறியதும் மாற்றி உட்காரவைத்தார்கள், அன்றிலிருந்து கட்டிலில், பஸ்ஸில், கோயிலில் எங்கேயும் அது மாறியதில்லை. ஸ்டூடியோவுக்கு ஜோடிப் படத்துக்கு வருகிறவர்களையும் வசந்தாதான் நிறுத்துவாள். கொசுவம் சரிசெய்து, பொட்டு நடுவில் இருக்கிறதா பார்த்து, யாராவது இடம் மாறி நின்றுவிட்டால் "பக்கம் மாறி நிக்கறீங்க, அக்கட்டால போங்க" என்று அதட்டுவாள். தாசில்தார் ஜோடியைக்கூட அதட்டியிருக்கிறாள்.

அவளை நான் பக்கம் மாற்ற வேண்டுமாம்.

அக்டோபர் 27

மோசமான நாள். நான் கீழே ஸ்டூடியோவில் ஒருவருக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, வசந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போயிருக்கிறாள். வலது அடுப்பில் பால் வைத்திருக்கிறாள். இடது அடுப்பில் நான் குறைத்து வைத்துவிட்டுப் போன பருப்பு அவளுக்குத் தெரியவே இல்லை. இடது முழங்கைப் பக்கம் சீலை பொசுங்கியது. தையல்கடை ரங்கநாயகி ரவிக்கை கொடுக்க வந்தவள், ஓடிவந்து தண்ணீரை ஊற்றினாள். கையில் சின்னக் கொப்புளத்தோடு போயிற்று.

"எரியுது எரியுதுன்னு கத்தறயே, எங்க எரியுது?" என்று வசந்தா ரங்கநாயகியைக் கேட்டிருக்கிறாள்.

சென்னையிலிருந்து மகள் யமுனா பேசினாள். முதலில் அழுதாள், பிறகு முடிவாகச் சொன்னாள். "அப்பா, பொங்கல் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள அம்மாவுக்கு அந்தப் பக்கம் தெரியலீன்னா நான் கூட்டிட்டு வந்துருவேன். தை பொறந்தா நீங்க முகூர்த்தம் முகூர்த்தமா ஓடுவீங்க. அம்மாவை யாரு பாப்பாங்க? நீங்களும் வந்துருங்க."

நான் போய் மருமகன் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து என்ன செய்வது? போகமாட்டேன் என்று அவளுக்கும் தெரியும். அவள் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் எரிச்சல்.

வசந்தா இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். நினைக்கக்கூட முடியவில்லை.

அக்டோபர் 30

கட்டிலுக்கு இடது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து "வசந்தா" என்றேன்.

அவள் வலது பக்கம் திரும்பி, காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, "எங்கிருந்து கூப்பிடறீங்க? கீழ ஸ்டூடியோவுலயா?" என்றாள்.

"இங்கதான் புள்ள."

"இங்கதான்னா எங்க? வெளையாடாதீங்க." முகத்தை இன்னும் வலதுக்குத் திருப்பித் தேடினாள். சோர்ந்துபோய், "போயிட்டாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நான் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தேன்.

நவம்பர் 3

முகத்துக்குப் பவுடர் பூசினாள். வலது கன்னம் மட்டும் வெள்ளை. பொட்டு வலது புருவத்தின் மேல் ஏறியிருந்தது. ஊர்ப் பெண்களின் பொட்டையெல்லாம் நிமிர்த்தியவள்.

நவம்பர் 6

கோயமுத்தூர் டாக்டர் ஒரு மாத்திரை சேர்த்திருக்கிறார். கைநடுக்க நோய்க்குக் கொடுப்பதாம். மூளையில் டோபமைன் என்று ஒரு சரக்கு ஊறுகிறதாம், இது அதைக் கூட்டுமாம். சிலருக்குக் கவனம் திரும்ப உதவுகிறது, சிலருக்கு உதவுவதில்லை, பார்ப்போம் என்றார்.

பெனிட்டாவிடம் கேட்டேன். "அந்த டோபமைன்கிறது என்ன பண்ணுமுங்க?"

"ஒண்ணை வேணும்னு தோணவைக்குததுல அதுக்கு பெரிய பங்கு உண்டு சார். பசிக்கும்போது இட்லி வாசம் வந்தா தலை தானா திரும்புதுல்லா, அதுபோல. மாத்திரை அதோட பங்கைச் செய்யட்டும். அம்மாவுக்கு எது மேல ஆசையோ அதை இடப்பக்கம் வைங்க. ஆசை இருந்தாத்தான் கழுத்து திரும்பும்."

எனக்கு அந்தக் காலத்து இருட்டறை நினைவுக்கு வந்தது. காகிதத்தில் படம் ஏற்கனவே விழுந்திருக்கும், மருந்தில் போட்டு ஆட்டினால்தான் மேலே வரும். வசந்தாவின் மண்டைக்குள் என் பக்கம் இன்னும் இருக்கிறது, மேலே வரவில்லை, அவ்வளவுதான். இப்படி நினைத்தபிறகு கொஞ்சம் சாப்பிட முடிந்தது.

சரி, அவளுக்கு எதன் மேல் ஆசை? "காப்பி" என்றேன். "வேற?" என்றாள் பெனிட்டா. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 8

தீபாவளி. நல்ல நாளும் அதுவுமாக யாராவது இப்படிக் கண்ணில் படாமல் கிடப்பார்களா என்று தோன்றியது. புதுச்சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலியைத் தூக்கி வலது பக்கம் போட்டு உட்கார்ந்தேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

"வந்துட்டீங்களா! எங்கீங்க போனீங்க இத்தனை நாளா? வெசனத்துல எனக்குச் சோறே எறங்கறதில்லை."

என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சட்டை நிறம் நன்றாக இருக்கிறது என்றாள். ஒரு நாள்தானே. மூளை ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

நவம்பர் 11

இன்றும் சாயங்காலம் கொஞ்ச நேரம் வலது பக்கம்.

நவம்பர் 15

பயிற்சியெல்லாம் ஒழுங்காக நடக்கிறது. காப்பி டம்ளரை இடது பக்கம் வைத்து, மணியடித்துக் காட்டி, தேடவைக்கிறேன். சில நாள் கை அந்தப் பக்கம் போகிறது. மற்றபடி நான் எங்கே உட்காருகிறேன் என்பது புருஷன் பெண்டாட்டி விஷயம்.

நவம்பர் 19

மாட்டிக்கொண்டேன்.

பெனிட்டா மேசை மேல் சாமான்களைப் பரப்பி எடுக்கச் சொன்னாள். போன வாரத்தைவிடக் குறைவாகத்தான் எடுத்தாள். பெனிட்டா என்னைப் பார்த்தாள். "சார், வீட்டுல நீங்க எந்தப் பக்கம் இருக்கீங்க?"

"நீங்க சொன்ன பக்கந்தானுங்க."

வசந்தா சிரித்தாள். "அவருக்கென்ன கண்ணு, சாயங்காலமானா ஜம்முனு இங்க வந்து உக்காந்துக்குவாரு" என்று வலது பக்கம் கட்டிலைத் தட்டிக் காட்டினாள். "ஒரே கொஞ்சல்தான்."

இத்தனை வயதுக்கு மேல் ஒரு சின்னப் பெண் முன்னால் என் காது சூடானது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ரெண்டு பேசியிருப்பேன்.

"சார், உங்களை மாதிரி அம்மா ஆசைப்படுத பொருள் இந்த வீட்டுலயே வேற இல்லை. அதை வலப்பக்கம் கொண்டு வச்சிட்டு, டம்ளரையும் சீப்பையும் இடப்பக்கம் வச்சா எப்படித் திரும்புவாங்க? தேடுததுக்கு அவங்களுக்கு ஒரு காரணம் வேண்டாமா?"

"திரும்பலைன்னா?" என்றேன்.

"திரும்பலைன்னா மறுபடியும் அங்கயே இருக்கணும். அவ்வளவுதான் சார்."

அவள் போனபிறகு நாற்காலியை இடது பக்கம் போட்டேன். இனி எடுக்கமாட்டேன். எடுத்தால் நான் ஆறுச்சாமி இல்லை.

நவம்பர் 24

கார்த்திகை தீபம். வாசலில் வரிசையாக விளக்கு வைத்து, நடுவில் அவளை உட்காரவைத்தேன். "ஏனுங்க, பாதி வாசலுக்குத்தான் வெச்சிருக்கறீங்க" என்றாள், வலது பக்கத்து காலி நாற்காலியைப் பார்த்து. நான் இடது பக்கத்து விளக்குகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 2

அவளுடைய இடது கையைப் பிடித்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய வலது கை தற்செயலாக அதன் மேல் பட்டது.

"இது யாரு கை?"

"உன்ற கைதான் புள்ள."

"என்ற கையா? என்ற கை இத்தனை கனமாவா இருக்கும்?" தடவிப் பார்த்தாள். வளையலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் கையையும் தடவிப் பார்த்து, "இதொண்ணு சொரசொரன்னு இருக்குது" என்றாள். அந்தக் காலத்தில் படம் கழுவுகிற மருந்துத் தண்ணீரில் ஊறிய விரல்கள், அப்படித்தான் இருக்கும். ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தாள். யாருடையது என்று கேட்கவில்லை.

நான் கையை எடுக்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று இருந்தது.

டிசம்பர் 9

டி.வி.யை இடது பக்கத்துக்கு மாற்றி ஒரு வாரமாகிறது. இன்று சீரியலில் மாமியார்க்காரி எதையோ போட்டு உடைக்கிற சத்தம் கேட்டதும், வசந்தாவின் கழுத்து நடுக்கோட்டைத் தாண்டித் திரும்பியது! கொஞ்ச நேரம் நின்று, மறுபடி வலது பக்கம் போய்விட்டது. ஆனால் திரும்பியது.

பெனிட்டாவுக்கு உடனே போன் போட்டேன். அவள் கத்திய கத்தலில் போன் அதிர்ந்தது.

சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சண்டைக்காரிக்குத் திரும்பிய கழுத்து, டி.வி.க்குப் பக்கத்திலேயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்த எனக்குத் திரும்பவில்லை. பொறாமை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

நாற்பது வருடமாக ஊரையே "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று திருப்பினேன். கைக்குழந்தையிலிருந்து கலெக்டர் வரைக்கும் திரும்பியிருக்கிறார்கள்.

டிசம்பர் 17

மார்கழி பிறந்துவிட்டது. முகூர்த்தம் கிடையாது, வேலை கிடையாது. நாள் முழுக்க அவளுக்கு இடது பக்கம்.

மத்தியானம் மொச்சைக்காய் உரித்துக்கொண்டு என் நாற்காலியில் இருந்தேன். ரங்கநாயகி வந்து வலது பக்கம் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து "ஏனுங்ண்ணா" என்று வாயெடுத்தவளைச் சும்மா இருக்கும்படி கைகாட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை.

"அவரு கடைக்குப் போயிட்டாராட்ட இருக்குது" என்றாள் வசந்தா. "பொழுதன்னைக்கும் எங்கயோ போயிடறாரு ரங்கநாயகி. சத்தம் மட்டும் கேக்குது, ஆளைக் காணோம். நான் தேடிக்கிட்டே இருக்கறேன்."

ரங்கநாயகி என்னைப் பார்த்தாள். நான் மொச்சையைப் பார்த்தேன்.

"இங்கதான் இருப்பாருங்க்கா. வெசனப்படாதீங்க."

"வெசனமில்லை. ஒண்ணு சொல்றேன், அவருகிட்ட சொல்லீராத. ஊரு பூராவும் ஜோடி ஜோடியா நிக்கவெச்சு எடுத்தாரு. எத்தனை பேருக்கு நான் கொசுவம் எடுத்து உட்டிருக்கறேன்! நாங்க ரெண்டு பேரும் ஒட்டுக்கா நிக்கற மாதர படம் ஒண்ணு கெடையாது. கல்யாணப் படம் பூராவும் வெள்ளையாப் போச்சு. அப்பறம் எப்பக் கேட்டாலும், நான் வந்து நின்னுட்டா அமுக்கறது யாருன்னு கேப்பாரு. எனக்கும் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. இப்ப என்னமோ அதே நெனப்பாவே இருக்குது. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவருக்குப் பக்கத்துல நான் நின்னேன்னு காட்டறதுக்கு என்ன இருக்குது சொல்லு?"

ரங்கநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான் உரித்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் பார்த்தேன், தோலைச் சட்டியில் போட்டுக் கொட்டையைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

டிசம்பர் 18

படம் எடுக்கிறவன் படத்துக்குள் வரமுடியாது. இது உலகத்துக்கே தெரிந்த விஷயம். டைமர் வந்து எத்தனையோ காலமாகிறது என்று யாராவது கேட்கலாம். ஜோடிப் படத்தை டைமர் போட்டா எடுப்பார்கள்?

கல்யாணப் படம் வெள்ளையானதற்குக் காரணம் கேமராவுக்குள் ஃபிலிம் பல்சக்கரத்தில் சரியாக மாட்டாமல், நகராமலே இருந்ததுதான். அப்போது என் முதலாளிதான் படம் எடுத்தார். அன்று விடியற்காலையில் அந்த ஃபிலிமை மாட்டியது யார் என்பதையெல்லாம் இப்போது கிளறி ஆகப்போவது ஒன்றுமில்லை. மாப்பிள்ளை என்றால் அன்றைக்கு எத்தனையோ பதற்றம் இருக்கும்.

டிசம்பர் 29

டி.வி.க்குத் திரும்புகிறாள். காப்பிக்குச் சில நாள் திரும்புகிறாள். சுவரில் இடது தோள் இடிப்பது குறைந்திருக்கிறது. எனக்கு மட்டும் இல்லை.

யமுனா திரும்பிப் போக அவளுக்கும் அம்மாவுக்குமாக இரண்டு டிக்கெட் போட்டுவிட்டாளாம். "அப்பா, சும்மா போட்டு வெச்சிருக்கறேன். வேண்டாம்னா கேன்சல் பண்ணிக்கலாம்" என்றாள். நல்ல பெண். நோகாமல்தான் சொன்னாள்.

ஜனவரி 6

பெனிட்டாவிடம் சொல்லிவிட்டேன், வசந்தாவுக்கு எதன் மேல் ஆசை என்று. எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். மொச்சை உரிக்கும்போது தெரிந்தது என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அப்ப எடுங்க சார்! ஆனா நீங்க நிக்க வேண்டியது..."

"தெரியுமுங்க. இடது பக்கம்."

"கூப்பிடாதீங்க. தொடாதீங்க. அவங்களே தேடட்டும்."

சாயங்காலம் என் நாற்காலியிலிருந்து சொன்னேன். "வசந்தா, பொங்கலன்னைக்கு நாம ரெண்டு பேரும் ஒட்டுக்கா நின்னு ஒரு படம் எடுத்துக்கலாம்."

வலது பக்கம் திரும்பித் தேடினாள். ஆனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "நெசமாலுமா? அமுக்கறது யாரு?"

"யமுனா அமுக்குவா."

"அப்ப அந்த அரக்குக் கலர் பட்டை எடுத்து வெய்யில்ல போடுங்க. பாச்சா உருண்டை வாசம் அடிக்கும்" என்றாள்.

படத்தில் வாசம் தெரியாது என்று சொல்ல வந்து, எடுத்துப் போட்டேன்.

ஜனவரி 10

காலையில் கேட்கிறாள், மத்தியானம் கேட்கிறாள், பொங்கல் எப்போது என்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாட்டம். இன்று தானாகவே இடது காதைத் தடவி, "இந்தக் காதுல தோடு எங்க?" என்றாள். அந்தக் காது இருப்பதையே மறந்திருந்தவள்! மாத்திரையா, பயிற்சியா, பட்டுச்சீலையா என்று எனக்குத் தெரியாது. பெனிட்டாவுக்கும் தெரியாதாம்.

ஜனவரி 15

பொங்கல். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

யமுனா நேற்றே வந்துவிட்டாள். அம்மாவின் துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கியும் வைத்துவிட்டாள். பெட்டி கட்டிலுக்கு இடது பக்கம் இருந்ததால் வசந்தாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

பொங்கல் பொங்கி இறக்கியபிறகு மூன்று பேரும் கீழே ஸ்டூடியோவுக்கு வந்தோம். வசந்தா அரக்குப் பட்டில், வலது கையில் நாலுகால் ஊன்றுகோலோடு திரைக்கு முன்னால் நின்றாள். பொட்டை யமுனா நடுவில் வைத்திருந்தாள். நான் விளக்கைச் சரிசெய்து, கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, ஃபோகஸ் வைத்து, எதை அமுக்க வேண்டும் என்று யமுனாவுக்குக் காட்டினேன். பிறகு போய் வசந்தாவுக்கு இடது பக்கம் நின்றேன்.

"அப்பா, நீங்க அந்தப் பக்கம்..." என்று யமுனா ஆரம்பித்தாள். அவளும் இந்த ஸ்டூடியோவில் வளர்ந்தவள்தானே.

"நீ சும்மா இரு சாமி."

வசந்தா வலது பக்கம் பார்த்தாள். காலி. கேமராவைப் பார்த்தாள். மறுபடி வலது பக்கம். "ஏனுங்க, வாங்க. நேரமாகுதல்ல. எங்க போனீங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடமாக "இங்க பாருங்க" என்று சொல்லிப் பழகிய வாய். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, எடுத்துறட்டுமா?" என்றாள் யமுனா.

"எடுத்துப் போடாத! அவரு இல்லாம என்ன படம் வேண்டிக் கெடக்குது? நானொருத்தி நிக்கறதுக்கா பட்டுக் கட்டுனேன்?" வசந்தாவின் கண் கலங்கிவிட்டது. "ஒட்டுக்கா எடுக்கலாம்னு சொல்லீட்டு மறுபடியும் ஏமாத்திப்போட்டாரு பாரு."

அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. போதும், அக்கட்டால் போய் நின்றுவிடலாம், படமாவது மிஞ்சும், அவள் சந்தோஷமாகச் சென்னைக்குப் போகட்டும் என்று காலை எடுத்தேன்.

அப்போது அவள் முகம் அசைந்தது. முதலில் வலது மூலை, பிறகு கேமரா, பிறகு கேமராவைத் தாண்டி விளக்கு. அங்கே நின்றது. நான் எடுத்த காலை அப்படியே வைத்தேன். கழுத்து நரம்பு புடைக்க, கனமான எதையோ தள்ளுகிற மாதிரி, இன்னும் கொஞ்சம் திரும்பினாள். கண் என் சட்டைக்கையில் பட்டது. தோளில் ஏறியது. காலரில் வந்து நின்றது.

"காலரு மடிஞ்சிருக்குது" என்றாள்.

அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். நேராக.

"இங்கதான் நிக்கறீங்களா?"

"இங்கதான் புள்ள நிக்கறேன்."

"எப்பிருந்து?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். புருவம் சுருங்கியது. தாசில்தாரை அதட்டின அதே குரல் வந்தது.

"பக்கம் மாறி நிக்கறீங்க. அக்கட்டால போங்க."

யமுனா அழுதுகொண்டே அமுக்கிவிட்டாள்.

"மாட்டேன்" என்றேன். "இனிமே இதுதான் என்ற பக்கம். நீ திரும்பித் திரும்பிப் பாரு."

ஜனவரி 18

படத்தைப் பிரிண்ட் போட்டேன். படமாகப் பார்த்தால் கழித்துப்போட வேண்டியது. பெண்டாட்டி கேமராவைப் பார்க்கவில்லை, முகம் முழுக்க ஒருபக்கம் திரும்பியிருக்கிறது, வாய் பாதி திறந்திருக்கிறது. புருஷனுக்குக் காலர் மடிந்திருக்கிறது, மூக்கு சிவந்திருக்கிறது. ரெண்டு பேரும் பக்கம் மாறி நிற்கிறார்கள். ஸ்டூடியோ வாசல் கண்ணாடியில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். நேற்று என்னைக் காணாமல் இரண்டு தடவை தேடினாள், மூன்றாம் தடவைதான் கண்டுபிடித்தாள். இன்று காலையும் தோசையில் பாதி தட்டிலேயே இருந்தது. நான் தட்டைத் திருப்பவில்லை. இடது பக்கம் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பிடித்தது. திரும்பி, முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு தோசையைப் பார்த்தாள்.

"பாத்துட்டே இருக்கறீங்களே, சொல்றதுக்கென்ன?" என்று எடுத்துத் தின்றாள்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்தேன். யமுனா ஒரு டிக்கெட்டை மட்டும் வைத்துக்கொண்டு ரயில் ஏறினாள்.